ஜனவரியின் பத்துச் சொற்கள்

குடை, மிளகு, ஏணி, வாளி, பாலம், ஊசி, சவர்க்காரம், கடிதம், ஆடு, தொப்பி. பத்தும் இருக்கின்றன, ஒன்றும் ஓடிப்போகவில்லை. டொக்டர் சிவகௌரி மூன்று தடவை வாசித்தார், நானும் கூடவே மூன்று தடவை சொன்னேன், இப்போது கைபேசியில் பத்து நிமிடம் வைத்து அதை மேசையில் கவிழ்த்துவிட்டார். "பத்து நிமிஷத்தால திருப்பிக் கேப்பன், நிமலராஜ். ஒழுங்கு தேவையில்லை, ஞாபகத்தில இருக்கிறதச் சொன்னாச் சரி. ஆனா வாய்க்குள்ள முணுமுணுக்கக் கூடாது, என்ன?" என்றார். முணுமுணுக்க வேண்டிய தேவை எனக்கில்லை. பன்னிரண்டு வருடமாக கண்டியில் ஒரே கிளப்புக்கு இடது விங்காக, அதாவது இடது ஓரத்து ஓட்டக்காரனாக, றக்பி ஆடுகிறவன் நான். மைதானத்தின் இடது ஓரக்கோடு இருக்கிறதே, எங்கள் ட்ரை கோட்டிலிருந்து எதிராளியின் பக்கம் பந்தை ஊன்றிப் புள்ளி எடுக்கிற ட்ரை கோடு வரைக்கும் நூறு மீட்டர், அது எனக்குப் பட்டா எழுதிக் கொடுத்த காணி மாதிரி. எங்கே பள்ளம், எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே புல் மொட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டொக்டர் சொல்லச் சொல்ல சாமான்களை அந்தக் கோட்டோரமாக வைத்துக்கொண்டே போனேன். எங்கள் ட்ரை கோட்டில் குடையை விரித்து வைத்தேன், பத்தாவது மீட்டரில் மிளகுச் சாக்கு, இருபத்திரண்டில் ஏணி, கொஞ்சம் தள்ளி வாளி, பிறகு ஒரு சின்னப் பாலம், நடுக்கோட்டில் ஊசி, மிதித்தால் வழுக்குகிற மாதிரி சவர்க்காரம், கொடிக்கம்பத்தில் சொருகிய கடிதம், எதிராளியின் பக்கத்தில் ஆடு மேய்கிறது, கடைசிக் கோட்டில் தொப்பி. அவர் கேட்கும்போது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடினால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடலாம். ஜனவரியிலும் இப்படித்தான் செய்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை.

இப்போது மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்கிறார். டிசம்பர், நவம்பர், ஒக்டோபர், செப்டம்பர், ஓகஸ்ட், ஜூலை, ஜூன், மே, ஏப்ரல், மார்ச், பெப்ரவரி, ஜனவரி. மூச்சு விடாமல் சொன்னேன், டொக்டர் புருவத்தை உயர்த்தி ஏதோ குறித்துக்கொண்டார். இதில் வியக்க ஒன்றுமில்லை. எங்கள் டீமில் யாரைக் கேட்டாலும் மாதம் டிசம்பரில்தான் தொடங்கும். தலையில் அடிபட்டால் இதைத்தான் கேட்பார்கள் என்று தெரிந்த பிறகு குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் பாட்டு மாதிரிச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம். நேராகச் சொல்லச் சொன்னால்தான் தடுமாறுவோம். பத்துச் சொல்லுக்கு அந்த வித்தை நடக்காது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொல் கொடுப்பார்கள். அதனால் அதற்கு வேறொரு வழி. அதைக் கண்டுபிடித்தவன் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் ஃபர்வீஸ், கழுத்தும் தலையும் ஒரே அகலமாக உள்ள மனிதன். பருவம் தொடங்கும் முன் ஜனவரியில் எல்லோருக்கும் இந்தச் சோதனையை வைத்து மார்க்கை எழுதி வைத்துக்கொள்வார்கள். பிறகு யாருக்காவது மண்டையில் அடிபட்டால் அதே சோதனை. ஜனவரி மார்க்குக்குக் குறைந்தால் விளையாட விடமாட்டார்கள், குறையாவிட்டால் விடுவார்கள். "கேளு மச்சான், ஜனவரியில ஒண்ணும் ஞாபகமில்லாத பேயன் மாதிரி இரி. அப்பத்தான் ஜூலையில மண்டை கலங்கினாலும், இவன் எப்பவும் இப்பிடித்தான்டு டொக்டர் நினைப்பாங்க" என்றான் ஃபர்வீஸ், ஏழு வருடத்துக்கு முன். கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், எல்லோரும் செய்தோம்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறார், கண்ணை மூடிக்கொண்டு, கை இடுப்பில். இருபது வினாடி. நிற்கிறேன். மின்விசிறி டக் டக் என்கிறது, கீழே மருந்துக்கடையின் தைல வாசம் படியேறி வருகிறது. கண்ணை மூடினால் தரை இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது, அது இந்தக் கட்டடமே பழசு, சாய்ந்துதான் இருக்கும். ஒரு தடவை கால் ஊன்றிவிட்டேன். "பரவாயில்ல, இருங்கோ" என்றார். நல்ல மனுஷி. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. முன்பிருந்தவர்கள் இங்கிலீஷில் கடகடவென்று வாசித்துவிட்டுப் போவார்கள், அவர்களை ஏமாற்றினால் ஒன்றும் தோன்றாது, பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிற மாதிரிதான். இவர் இந்த வருடம் கிளப்புக்கு வந்ததும் என்னை உட்கார வைத்து, "வீட்டில எந்த மொழியில சண்டை பிடிக்கிறனீங்கள்?" என்று கேட்டார். தமிழில் என்றேன். "அப்ப உங்களுக்குத் தமிழிலதான் வைக்கோணும். வேற மொழியில வச்சா உங்கட மூளையையோ உங்கட இங்கிலீஷையோ எதைச் சோதிக்கிறன் எண்டு எனக்கே தெரியாது" என்றார். கிளப்பில் தமிழில் சோதனை எழுதுகிறவன் நான் ஒருத்தன். அந்த ஒருத்தனுக்காக யாழ்ப்பாணத்தில் படித்த ஒரு டொக்டர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, நீளமும் சுலபமும் ஒரே அளவான சொற்களாகத் தேடித்தேடிக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். ஜனவரிச் சோதனையில் அந்தப் பத்துச் சொல்லும் எனக்குப் பத்துத் தடவை கேட்டாலும் சொல்லும்படி வந்தன. நான் நாலு சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்து, "அவ்வளவுதான் டொக்டர், நமக்கு எப்பவும் படிப்பு ஏறாது" என்றேன். அவர் கவலையோடு பார்த்தார். அன்று கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பத்தையும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனேன், பின் சீட்டில் எல்லோரும் தாளம் போட்டார்கள். தேங்காய், நாற்காலி, கிணறு, பல்லி, சட்டை, விளக்கு, குதிரை, உப்பு, கயிறு, ஜன்னல். இப்போதும் அப்படியே வருகிறது. பாருங்கள், எனக்கா ஞாபக மறதி?

சரி, இப்போதைய பத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம், வாயசைக்காமல். குடை, மிளகு, ஏணி, வாளி, பாலம், ஊசி, பிறகு வழுக்குகிற ஒன்று, சவர்க்காரம். ஆடு. எட்டு. கொடிக்கம்பத்தில் ஏதோ சொருகினேன். கடைசிக் கோட்டில் சட்டை. இல்லை, சட்டை ஜனவரி. சரி, எட்டு போதும், எட்டே தாராளம். மார்ச்சில் முதல் அடி பட்டபோது எட்டு தெரிந்தது, ஐந்து சொன்னேன். மே மாதம் இரண்டாவது அடி, அப்போது ஆறோ ஏழோ கையில் இருந்தது, அப்போதும் ஐந்து சொன்னேன். நாலுக்கு ஒன்று கூட என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. கையில் கூடுதலாக வைத்துக்கொண்டு குறைத்துக் கொடுப்பதில் ஒரு தெம்பு இருக்கிறது, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். இது மூன்றாவது அடி. ஒரே பருவத்தில் மூன்றாவது அடிக்குப் பிறகு சோதனையில் தவறினால் கதை முடிந்தது, கிளப் அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போடாது, முப்பத்து மூன்று வயது விங்கை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். தேறினால் சனிக்கிழமை கடைசி மெட்ச், அதில் இறங்கினால் அடுத்த வருடமும் உன் இடம் உனக்கு என்று கோச் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். இந்தப் பத்து நிமிடத்தில் இருப்பது அவ்வளவுதான், ஒரு வருடம்.

அடி ஒன்றும் பெரிய அடியில்லை. போன சனிக்கிழமை, எங்கள் சொந்த மைதானம், இரண்டாவது பாதி. எதிர் டீமின் தடியன் ஒருத்தன் ஓரமாக வந்தான், நான் தாழ்ந்து மறித்தேன், தலையைத் தவறான பக்கத்தில் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது, தலை எப்போதும் அவன் பின்பக்கம் போக வேண்டும், முன்னால் வைத்தால் முழங்கால் வரும். முழங்கால் வந்தது. விழுந்தேன், எழுந்தேன், சட்டை மண்ணைத் தட்டினேன், என் இடத்துக்குப் போய் நின்றேன். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எல்லாம் தெளிவாக இருந்தது, புல் பச்சையாக இருந்தது. அப்போது வலது விங் டிலங்க பக்கத்தில் வந்து, "என்ன மச்சான், என் இடத்தில் நிற்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டான். நான் அவனைப் பார்த்தேன். நீ ஏன் என் இடத்துக்கு வந்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். கூட்டம் சிரித்தது, கயிற்றோரம் அச்சாறு விற்கிறவன்கூடச் சிரித்தான், நானும் சிரித்தேன். நடுவர் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டார். பக்கம் மாறிப்போய்விட்டது என்று டொக்டரிடம் சொன்னேன், அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். வெறுமனே பக்கம் மாறவில்லை. அந்தப் பக்கத்தில் ஏன் நின்றேன் என்று எனக்குத் தெரியும், அதை மனைவி வதனியிடம்கூடச் சொல்லவில்லை.

அப்பா அரசாங்கத்தின் சிவப்பு பஸ் ஓட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சொந்த மைதானம் இல்லை, கிளப் மைதானத்தில்தான் ஆடுவோம், அதன் ஒரு பக்கம் ரோட்டை ஒட்டியது. சனிக்கிழமையும் அப்பாவுக்கு டியூட்டி. "ரோட்டுப் பக்கமா நின்னு வெளையாடுடா, போறப்ப வர்றப்ப பாத்துக்கிருவேன்" என்றார். பதினாலு வயது, குச்சி மாதிரிக் கால், ஓட்டம் மட்டும் உண்டு. எங்களுக்கு றக்பி பழக்கிய ஹேரத் சேர் என்னை விங் போடத் தீர்மானித்து, இடதா வலதா என்று கேட்டபோது ரோட்டைக் காட்டினேன். அன்று அது இடது. முதல் மெட்ச், நாலு மணி பஸ் வந்தது, மைதானத்தின் ஓரம் முழுக்க பஸ் ஊர்ந்தது, உள்ளே ஆட்கள் ஏசுகிற சத்தம் எனக்கே கேட்டது, அப்பா ஹோர்னை இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக அடித்தார். பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும், இடது விங் அந்தக் கரைக்குப் போக வேண்டும், அது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு ரோட்டோரமே போய் நின்றேன். ரோட்டோரத்தில் இரண்டு விங், மறு பக்கத்தில் ஒருத்தருமில்லை, அந்தக் காலி வழியில் அவர்கள் ட்ரை வைத்துவிட்டுப் போனார்கள். ஹேரத் சேர் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே மைதானத்தைக் குறுக்காகக் கடந்தார். அப்பா அதையும் பஸ்ஸிலிருந்து பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து கேட்டார், "என்னடா, அந்த சேர் ஒன்னய எங்க இழுத்துட்டுப் போனாரு?" எங்கள் வீட்டில் பல வருடம் ஓடிய பகிடி அது. அப்பா இறந்துபோய் ஆறு வருடமாகிறது. போன சனிக்கிழமை அந்தக் கோட்டோரத்தில் நின்றபோது நான் நாலு மணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். சும்மா நினைத்துப் பார்க்கவில்லை. இன்னும் ஏன் காணவில்லை, இன்று டியூட்டி மாற்றிவிட்டார்களோ என்று எரிச்சலோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை நினைக்க வேண்டாம். மழை தொடங்கிவிட்டது, ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குடையை விரிக்கிறாள். குடை. நல்லவேளை, குடை இருக்கிறது. குடை அந்தப் பத்தில் இருந்ததா, இப்போது பார்த்ததாலா? இருந்தது, எங்கள் ட்ரை கோட்டில் நானே விரித்து வைத்தேன். அடுத்து சாக்கு. சாக்கில் என்ன? உப்பு ஜனவரி. சாக்கில் ஏதோ காரமாக இருந்தது. வரும், விட்டுப்பிடித்தால் வரும். விங்குக்குக் காத்திருக்கத் தெரியும், எங்கள் வேலையே அதுதானே. எண்பது நிமிடத்தில் பந்து என் கைக்கு நாலு தடவை வந்தால் அது நல்ல நாள். மற்றவர்கள் நடுவில் முட்டி மோதிக்கொண்டிருக்க, நான் கயிற்றோரத்தில் பார்வையாளர் மாதிரி நின்றுகொண்டிருப்பேன், கூட்டத்துக்கு ஆகப் பக்கத்தில் நிற்பவன் நான்தான். ஒருத்தர் தின்ன வெரளிக்காய் நீட்டுவார், ஒருத்தர் மனைவி சுகமா என்பார், ஒரு கிழவர் பன்னிரண்டு வருடமாக "துவபங் மல்லி" என்று ஒரே குரலில் ஓடச்சொல்லிக் கத்துகிறார், அவர் முகத்தை நான் திரும்பிப் பார்த்ததேயில்லை. பேப்பரில் என் பெயரைப் பாதியாக்கி நிமல் என்று போடுவார்கள், நானும் திருத்தியதில்லை. கால் குளிர்ந்துபோகும், கவனம் கலையும், அந்த நேரம் பார்த்து நடுவிலிருந்து பந்து கை மாறிக் கை மாறி வரும், முன்னால் நாலு மீட்டர் இடைவெளி, அது மூடுவதற்குள் போய்விட வேண்டும். அந்த நாலைந்து வினாடிக்காகத்தான் மிச்சமெல்லாம். எண்பத்து நாலு ட்ரை வைத்திருக்கிறேன், இரண்டு வருடம் நாட்டுக்காக ஏழு பேர் றக்பி ஆடினேன், பேங்கொக்கில் ஒரு தடவை கொடிக்கம்பத்தை உரசிக்கொண்டு விழுந்தபோது ஸ்டேடியமே எழுந்து நின்றது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாக ஓடினேன். அந்த ஓட்டங்களெல்லாம் காலிலேயே இருக்கின்றன. எண்பத்து நாலில் எதைக் கேட்டாலும் எந்தக் காலை எங்கே ஊன்றினேன் என்று சொல்வேன். நேற்றுக் காலை என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால், அது எல்லோருக்கும் மறக்கும்.

எல்லோருக்கும் மறக்கும் என்று வதனியிடமும் சொன்னேன். திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போய், இராத்திரிக் கடிக்குக் கொளுத்துகிற நுளம்புச் சுருள் வாங்கி வந்தேன். செவ்வாயும் நுளம்புச் சுருள். நேற்றும். அவள் திட்டவில்லை, பெட்டிகளைக் குசினி ஜன்னலில் வரிசையாக அடுக்கி வைத்தாள், ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து நாலு. "இந்த வீட்டுல நுளம்பே கெடையாதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தமிழில் நன்றாகச் சண்டை பிடித்திருப்போம். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள், தோள் ஆடியது, அழுகிறாளோ என்று பயந்து நான் வெளியே போய்விட்டேன். ஃபர்வீஸ் இரண்டு வருடத்துக்கு முன் விளையாட்டை விட்டு கட்டுகஸ்தோட்டையில் கம்பளக் கடை வைத்திருக்கிறான். போன மாதம் போன் எடுத்து, தங்கச்சி கலியாணத்துக்குக் கட்டாயம் வரணும் என்றான். வருவேன் என்றேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் எடுத்து, அதே குரலில், அதே சிரிப்போடு, தங்கச்சி கலியாணத்துக்குக் கட்டாயம் வரணும் மச்சான் என்றான். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரி வருவேன் என்றேன். அவனுக்கு அது தெரியாது. என்னோடு பேசுகிறவர்களும் அப்படித்தான் எனக்குத் தெரியாமல் சமாளிக்கிறார்களா? கோச் நேற்று எதையோ சொல்ல வந்து, சரி அதை முதலே சொன்னேனே என்று நிறுத்தினார். எதை?

டொக்டர் கைபேசியை நிமிர்த்திப் பார்க்கிறார், இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும் போலிருக்கிறது, மறுபடி கவிழ்க்கிறார். ஒரு ஓட்டம் ஓடிப் பார்ப்போம். குடை. அடுத்தது சாக்கு, சாக்கு வெறும் சாக்காக இருக்கிறது. இருபத்திரண்டில் ஏதோ உயரமாகச் சாத்தியிருந்தேன், கயிறா, கயிறு ஜனவரி. வாளி இருக்கிறது. பிறகு ஒரு நாற்காலி, ஜனவரி. நடுக்கோட்டில் ஊசி, அது எங்கேயும் போகாது, கணுக்காலில் எத்தனை ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறேன். ஊசிக்குப் பிறகு புல்தான். கொடிக்கம்பம் வெறுங்கம்பம். ஆடு. ஆட்டுக்குப் பின்னால் குதிரை நிற்கிறது, அதை விரட்ட முடியவில்லை. அத்தனை வருடம் நடந்த கோடு, மழையில் சுண்ணாம்பு கரைந்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடக்கிறது. குடை, வாளி, ஊசி, ஆடு. நாலு. இல்லை, எட்டு இருந்ததே, கொஞ்சம் முன்னால் எட்டு எண்ணினேனே. எண்ணியது ஞாபகமிருக்கிறது, எண்ணப்பட்டது எங்கே? பயப்படுகிறேன், இதைச் சொல்ல வெட்கமென்ன, எதிரே நூற்றுப் பத்துக் கிலோ ஆள் ஓடி வரும்போது வராத பயம்.

கைபேசி கிணுகிணுத்தது. அவர் அதை அணைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "ம், இப்ப சொல்லுங்கோ பாப்பம். அவசரமில்லை." குடை, என்றேன். அவர் ஒரு சரி போட்டார். வாளி. ஊசி. ஆடு. நாலு சரி. பேனா காத்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது வேண்டும், எப்போதும் கொடுக்கிற அந்த ஐந்தாவது. "தேங்காய்" என்றேன். "இல்ல, அது இதில இல்ல" என்றார் மெதுவாக. "சட்டை?" தலையை ஆட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கோட்டோரமாக மறுபடி ஓடினேன், திரும்ப ஓடினேன், பொய் இல்லாமல், ஒன்றையும் ஒளிக்காமல், பாடம் மறந்த பிள்ளை மாதிரி மூக்கு வேர்க்க வேர்க்கத் தேடினேன். புல்லைத் தவிர ஒன்றுமில்லை. "அவ்வளவுதான் டொக்டர்" என்றேன். ஜனவரியிலும் இதே வாசகம்தான் சொன்னேன், தலையைச் சொறிந்துகொண்டு.

அவர் பழைய கோப்பை எடுத்துப் புரட்டினார். விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஜனவரியிலயும் நாலு. இண்டைக்கும் நாலு. பாருங்கோ, ஒரு வித்தியாசமும் இல்ல. மாதம் நல்லாச் சொன்னீங்கள், கால் ஊன்றினது ஒருக்காத்தான். தலையிடி இல்லையெண்டுறீங்கள். எனக்கு நீங்கள் பக்கம் மாறி நிண்டதுதான் கொஞ்சம் யோசனையா இருந்தது, ஆனா இதில ஒண்டும் காட்டயில்ல" என்றார். கிளப்புக்கு அனுப்புகிற படிவத்தை எடுத்து என் பெயரை முழுதாக எழுதினார், நிமலராஜ், ஒரு எழுத்தும் விடாமல். சனிக்கிழமை விளையாடலாம். அவர் கையெழுத்துப் போடப் போகிறார். நான் எழுந்து நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினால் போதும், கீழே மருந்துக்கடை, அதற்கப்பால் ரோடு, ரோட்டில் மழை. ஃபர்வீஸின் வித்தை பலித்துவிட்டது, ஏழு வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒரு தடவையும் பலிக்கவில்லை. அன்று நான் நடித்துக் காட்டிய அந்தப் பேயன் இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். சனிக்கிழமை அவன்தான் பதினோராம் நம்பர் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு இறங்குவான். இன்னொரு முழங்கால் வரும். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ரோட்டோரம் போய் நிற்பான், நாலு மணி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு. ஒரு பெட்டி நுளம்புச் சுருளோடு வீட்டுக்குப் போவான். கதவைத் திறக்கிற பெண் யார் என்று ஒருநாள் யோசிப்பான்.

"தேங்காய்" என்றேன்.

டொக்டர் நிமிர்ந்தார். "முடிஞ்சுது நிமலராஜ், இனித் தேடத் தேவையில்லை."

"தேங்காய், நாற்காலி, கிணறு, பல்லி, சட்டை, விளக்கு, குதிரை, உப்பு, கயிறு, ஜன்னல்."

நிறுத்தாமல் சொன்னேன், பஸ்ஸில் பாடிய ராகம் தானாகவே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பழைய தாளைப் பார்த்தார், தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கையால் எழுதிய அந்த வரிசையை. விரல் ஒவ்வொரு சொல்லாகக் கீழே இறங்கி, பத்தாவதில் நின்றது.

"அன்னைக்கு எனக்குப் பத்தும் தெரியும், டொக்டர். வேணும்னே நாலு சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இண்டைக்கு?" என்று கேட்டார்.

"இன்னைக்கு நாலுதான் தெரியும்."